காவலின் பெருமை

ஆக்கல், காத்தல், அழித்தல் எனத் தொழில் மூன்றாக வகுத்துரைப்பது மரபு. இம்மூன்றனுள் ஆக்கியதைக் கண்ணால் காணலாம், அழித்ததையும் காணலாம். காத்ததை மட்டும் காண்பது அரிது. கட்டிய வீடு நிமிர்ந்து நிற்கிறது. இடிந்த வீடு குவிந்து கிடக்கிறது. இடியாமல் காக்கப்பட்ட வீடோ, என்றும் அப்படியே இருந்த வீடாகத் தோன்றுகிறது. அதனை ஒருவர் காத்தார் என்ற எண்ணமே பார்ப்பவர் மனத்தில் எழுவதில்லை. ஆதலால் உலகம் புகழைப் பங்கிடும்போது காத்தவர்க்குரிய பங்கு மிகச் சிறிதாகிவிடுகிறது.

இத்தகைய தொழிலில் ஈடுபட்டோருள் ஒருவரை 'எக்காலத்துக்கும் பெரியவர்' என்று துணிவதற்கு எதனை அளவுகோலாகக் கொள்வது? நாடு காக்கும் வேந்தர் முதல் வீடு காக்கும் தாய் வரை அனைவர்க்கும் பொருந்தும் வினா இது. ஆயினும் இதனை ஆராய ஒரு காற்பந்துத் திடலே போதும். அங்கே இரு கம்பங்களுக்கு நடுவே தனித்து நிற்கும் கோல் காவலர் இவ்வினாவின் உருவமாகவே நிற்கிறார்.

கோலா சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களில் காற்பந்து அறியாத தலைமுறை இல்லை. புக்கிட் ரோத்தான், ஈஜோக், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய இடங்களைச் சூழ்ந்திருந்த தோட்டங்களில், காலையில் பால்மரம் வெட்டிய கைகளும் கால்களும் மாலையில் திடலை நாடின. பால்மரம் போய்ச் செம்பனை வந்த பின்னும் அவ்வழக்கம் மறைந்துவிடவில்லை. சிறுவர்கள் தமக்குள் அணி பிரித்து ஆடும்போது ஒன்றைக் காணலாம். வேகமாக ஓடுபவனை முன்வரிசைக்கு அழைப்பர். உதைக்கத் தெரிந்தவனை நடுவில் நிறுத்துவர். ஓட முடியாதவனை, வயதில் இளையவனை, எவரும் வேண்டாதவனைக் 'கோலில் நில்' என்பர். தாக்குவது திறமை, காப்பது எஞ்சியவனுக்குரிய வேலை என்னும் கருத்து இவ்வாறு இளமையிலேயே வேர் கொள்கிறது. ஆனால் அதே சிறுவர்கள் பக்கத்துத் தோட்டத்தாரோடு மோதும் நாளில் கோலில் நிற்பவன் யார் என்பதைத்தான் முதலில் கேட்பர். தோல்வி அஞ்சத்தக்கது என்னும்போதுதான் காவலின் அருமை விளங்குகிறது.

இந்நாட்டில் அவ்வருமையை விளங்க வைத்தவர் ஆர். ஆறுமுகம். 1953இல் பிறந்து, சிலாங்கூர் மாநிலத்துக்கும் மலேசியாவுக்கும் கோல் காத்த இத்தமிழர், நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்னும் பெயர் பெற்றார். சிலந்தி வலையில் எதுவும் தப்பாதது போல அவர் கையில் பந்து தப்பாது என்பது மக்கள் கொண்ட பொருள். 1977இலும் 1979இலும் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியா தங்கம் வென்ற காலம் அவருடைய காலம். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் நடைபெற்ற ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் இறுதியாட்டத்தில் மலேசியா தென்கொரியாவை 2-1 என வென்றது. வெற்றிக் கோலை அடித்தவர் சபாவைச் சேர்ந்த ஜேம்ஸ் வோங். பந்தை அவருக்குச் சேர்ப்பித்தவர் ஹசான் சானி. தற்காப்பு அரணாக நின்றோர் சோ சின் ஆன், சந்தோக் சிங். இவர்கள் அனைவர்க்கும் பின்னால் நின்றவர் ஆறுமுகம். 1988 டிசம்பரில், தம் 35ஆம் வயதில், சாலை விபத்தில் அவர் மறைந்தார். இன்றும் மலேசியாவின் தலைசிறந்த கோல் காவலர் யார் என்ற பேச்சு எழுந்தால் அவர் பெயரைச் சொல்லாமல் அப்பேச்சு முடிவதில்லை.

அவரைப் பெரியவர் ஆக்கியது எது? இதற்கு மக்கள் வழக்கமாகக் கூறும் விடைகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

முதல் விடை எண்ணிக்கை. எத்தனை கோல் விட்டார், எத்தனை ஆட்டத்தில் ஒன்றும் விடாமல் காத்தார் என்று கணக்கிட்டால் போதாதா? போதாது. கோல் விடாமை ஒருவர் செயல் அன்று. முன்னால் நிற்கும் தற்காப்பாளர் வலியர் எனில் காவலரிடம் பந்தே வாராது. நலிந்த அணியின் காவலரோ இருபது பந்துகளில் பதினாறைத் தடுத்தும் நான்கு கோல் விட்டவராகவே ஏட்டில் இடம்பெறுவார். கனடா போன்ற குளிர்நாடுகளில் ஆடப்படும் பனித்தரை ஹாக்கியில், வந்த அடிகளில் நூற்றுக்கு எத்தனை தடுக்கப்பட்டன என்று கணக்கிடும் முறை உண்டு. அது சற்றே நேர்மையான கணக்கு. ஆயினும் அங்கும் சிறந்தவர்க்கும் நடுத்தரமானவர்க்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டே. எந்த அடி எளிது, எந்த அடி கொடிது என்பதை எண் சொல்லாது. மேலும், 1980இன் அந்த இறுதியாட்டத்திலும் ஆறுமுகம் ஒரு கோல் விட்டவரே. எண்ணிக்கையே அளவுகோல் எனின் அவருடைய மிகச் சிறந்த இரவு குறையுடைய இரவு ஆகிவிடும்.

இரண்டாம் விடை அழகிய பாய்ச்சல். காற்றில் கிடைமட்டமாகப் பறந்து விரல் நுனியால் பந்தைத் தள்ளும் காட்சி கண்ணுக்கு விருந்தே. 1970 உலகக் கிண்ணப் போட்டியில் பெலே தலையால் முட்டிய பந்தை இங்கிலாந்தின் கோர்டன் பேங்க்ஸ் தடுத்த காட்சி இன்றளவும் பேசப்படுகிறது. ஆயினும் பாய்ச்சலே பெருமை எனக் கொள்வதில் ஒரு வழு உண்டு. இருக்க வேண்டிய இடத்தில் முன்னரே நின்றவருக்குப் பாய வேண்டிய தேவையே எழாது. இடம் தவறி நின்றவர் பாய்ந்து பிடித்தால் அரங்கம் அதிர்கிறது; இடம் அறிந்து நின்றவர் மார்பில் பந்து வந்து அடங்கினால், உதைத்தவன் நேரே உதைத்துவிட்டான் என்று பேச்சு முடிகிறது. கலை முற்றிய இடத்தில் கலையே தெரிவதில்லை. தேர்ந்த ஆசிரியர் வகுப்பில் ஒழுங்கை நிலைநாட்டக் குரல் உயர்த்துவதில்லை என்பது இதற்கு ஒப்பு.

செயல் தெரிய வேண்டும் என்னும் ஆசை காவலரையே கெடுக்கும் என்பதற்கு ஓர் ஆய்வு சான்று. 2007இல் இஸ்ரேல் நாட்டு அறிஞர் சிலர் 286 பெனால்டி உதைகளை ஆராய்ந்தனர். பந்து வைக்கப்படும் தொலைவு 11 மீட்டர். கோலின் அகலம் 7.32 மீட்டர், பந்து கோட்டைச் சேரும் நேரம் அரை நொடிக்கும் குறைவு. காண்பதற்குள் முடிவு செய்தாக வேண்டும். அவ்வுதைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 29 நடுப்பகுதிக்கே வந்தன. ஆனால் காவலர்கள் நடுவில் அசையாது நின்றது நூற்றுக்கு ஆறு முறையே. மற்ற வேளைகளில் இடமோ வலமோ பாய்ந்தனர். ஏன்? பாய்ந்து கோல் விட்டால் 'முயன்றார்' என்பர். நின்று கோல் விட்டால் 'சும்மா நின்றார்' என்பர். பழிக்கு அஞ்சும் மனம் பயனைப் பின்தள்ளிவிடுகிறது. இஃது ஆட்டத்துக்கு மட்டும் உரிய நோயன்று. அலுவலகத்திலும் பள்ளியிலும் ஆட்சியிலும், செய்வதாகக் காட்டிக்கொள்ளும் ஆரவாரம் செய்ய வேண்டியதைச் செய்யும் அமைதியை வென்றுவிடுவது அன்றாடக் காட்சி.

மூன்றாம் விடை வெற்றி. கிண்ணம் வென்ற அணியின் காவலரே பெரியவர் என்பர் சிலர். மலேசியக் கிண்ண இறுதியாட்டங்களில் சிலாங்கூர் 1978இலும் 1979இலும் சிங்கப்பூரை வென்றது. 1980இல் அதே சிங்கப்பூரிடம் தோற்றது. ஓராண்டு பெரியவராக இருந்தவர் மறு ஆண்டு சிறியவராகி, அதற்கடுத்த ஆண்டு மீண்டும் பெரியவராவாரா? ஆகார். விளைவைக் கொண்டு மட்டும் மனிதரை அளப்பது எத்துணைக் கொடுமையாக முடியும் என்பதற்குப் பிரேசில் நாட்டின் பார்போசா சான்று. 1950 ஜூலை 16ஆம் நாள் மரக்கானா அரங்கில் உருகுவே அணியோடு சமநிலை கண்டாலே பிரேசில் உலக வெற்றியாளர். முதற்கோலை உருகுவே அடித்தபோது கிஜ்ஜா என்பவர் வலப்புறமாக ஓடி வந்து பந்தை நடுவுக்குத் தந்தார். சிறிது நேரத்தில் அவரே மீண்டும் அவ்வழியே வந்தார். முன்போலவே நடுவுக்குத் தருவார் என எண்ணி ஓரடி முன்வைத்தார் பார்போசா. கிஜ்ஜாவோ கம்பத்துக்கும் காவலருக்கும் இடைப்பட்ட இடைவெளியில் பந்தைச் செலுத்தினார். பிரேசில் 2-1 எனத் தோற்றது. பார்போசா எண்ணியது முறையான எண்ணமே. கண்ட சான்றிலிருந்து காணாததை ஊகித்தார். ஊகம் பிழைத்தது. அதற்காக அவர் 2000இல் இறக்கும் வரை பழி சுமந்தார். தம் நாட்டில் கொடுங்குற்றத்துக்கும் உச்சத் தண்டனை முப்பது ஆண்டே, தாம் சுமந்ததோ ஐம்பது ஆண்டு என்று அவர் மனம் நொந்து கூறியதாகச் சொல்வர். முன்வரிசை ஆட்டக்காரர் பத்து வாய்ப்புகளைத் தவறவிட்டு ஒன்றை அடித்தால் வீரர். காவலர் பத்தைத் தடுத்து ஒன்றை விட்டால் குற்றவாளி. இவ்விரு தராசுகளும் ஒன்றல்ல என்பதை உணராதவர் காவலரை அளக்கத் தகுதியற்றவர்.

எண்ணிக்கையும் காட்சியும் வெற்றியும் அளவுகோல் ஆகா எனின், நடவாத ஒன்றை எவ்வாறு அளப்பது? இவ்விடத்தில் திடலை விட்டுச் சற்றே வெளியே வருதல் நலம். கோலா சிலாங்கூரில் புக்கிட் மலாவாத்தி மேல் 1907இல் எழுந்த கலங்கரை விளக்கம் ஒன்று உண்டு. அவ்வொளியைக் கண்டு கரையில் மோதாமல் சென்ற கப்பல்கள் எத்தனை? எவராலும் எண்ண இயலாது. மோதிய கப்பலுக்கே கணக்குண்டு. மோதாத கப்பல் வழக்கம்போல் துறை சேர்ந்த கப்பலே. இன்னொன்று, மலேரியா. 1901இல் கிள்ளான் வட்டார மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், கிள்ளான் நகரிலும், இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் துறைமுகத்திலும் சதுப்பு நீரை வடியச் செய்து கொசுக்காய்ச்சலை ஒடுக்கினார். பின்னர் அம்முறை தோட்டங்களுக்கும் பரவியது. வடிகால் வெட்டியவர், தேங்கிய நீரில் எண்ணெய் தெளித்தவர் ஆகியோருள் தமிழ்த் தொழிலாளர் பலர். காய்ச்சலால் மாண்டவர்க்குப் புதைகுழி உண்டு. மாளாமல் பிழைத்து, மணந்து, மக்களைப் பெற்று, இன்று பேரன் பேத்தியரின் வேராக விளங்குவோர் தம்மைக் காத்தவர் இன்னார் என்று அறியார். வாட்சன் பெயரை நூல்கள் கூறும். மண்வெட்டி பிடித்தவர் பெயரைக் கூறா.

இங்கே ஒரு தடை எழுப்பலாம். 'நடவாதது கண்ணுக்குத் தெரியாது என்றால், கள்வனே வாராத வீட்டின் முன் உறங்கிக் கிடந்த காவலனும் நான் காத்தேன் எனலாமே? வினைசெய்து காத்தவனையும் வினையின்றிக் கிடந்தவனையும் எவ்வாறு பிரித்தறிவது?' இத்தடை வலிமையுடையது, தள்ளிவிடத் தக்கதன்று. இதற்கு விடை இரண்டு. ஒன்று, இடுக்கண் வரும் நாள். கள்வன் வாராத நூறு இரவுகளில் விழித்தவனும் உறங்கியவனும் ஒன்றே. நூற்றோராம் இரவில் கள்வன் வரும்போது, அந்த நூறு இரவுகளில் ஒவ்வொருவனும் என்ன செய்தான் என்பது ஒரு நொடியில் வெளிப்பட்டுவிடும். கோலை நோக்கிப் பந்து வாராத எண்பது நிமிடமும் கவனம் சிதறாதிருந்தவரே எண்பத்தோராம் நிமிடத்தில் பந்தைச் சந்திக்க வல்லார். வள்ளுவர் பொருட்பாலில் பொச்சாவாமை என ஓர் அதிகாரம் வகுத்தது ஈண்டு நினைக்கத்தக்கது. அளவு கடந்த சினத்தினும் மறதியை அவர் தீயதாகக் கொண்டார். அம்மறதியும் துன்பத்தில் அன்றி, மகிழ்ச்சி மிகுந்த வேளையில் தோன்றுவதைச் சுட்டினார். தம் அணி முன்னணியில் இருக்கும் வேளையே காவலர்க்கு ஆபத்தான வேளை என்பதை எந்தப் பயிற்றுநரும் கூறுவார்.

இரண்டாம் விடை, உடன் இருப்போர் கொள்ளும் நம்பிக்கை. அரங்கில் அமர்ந்தவர் அறியாததைத் தற்காப்பாளர் அறிவர். தமக்குப் பின்னால் நிற்பவர் உறுதியானவர் எனின் அவர்கள் அஞ்சாமல் முன்னேறுவர். ஐயத்துக்குரியவர் எனின் பின்வாங்கி நெருங்கி நிற்பர். ஒரே ஆட்டக்காரர் இருவேறு காவலர்க்கு முன்னால் இருவேறு மனிதராக ஆடுவதைக் காணலாம். காவலர் தடுத்த பந்துகளினும், அவர் இருக்கிறார் என்ற துணிவால் பிறர் செய்த செயல்கள் பல. 1963இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்குரிய தங்கப்பந்து விருதைப் பெற்ற சோவியத் வீரர் லெவ் யாஷின் இதற்கு எடுத்துக்காட்டு. இன்றளவும் அவ்விருதைப் பெற்ற கோல் காவலர் அவர் ஒருவரே. கோட்டிலேயே நின்று வருவதை எதிர்பார்த்திராமல், முன்னேறிச் சென்று பந்தைக் கவர்ந்தும் தற்காப்பாளரைக் குரல் கொடுத்து நிறுத்தியும் ஆட்டத்தை ஆண்டவர் அவர். பனித்தரை ஹாக்கியில் ஜாக் பிளான்ட் என்பவர் செய்ததும் இத்தகையது. 1959 நவம்பர் 1ஆம் நாள் நியூயார்க்கில் முகத்தில் அடிபட்டுக் குருதி வடிய வெளியேறியவர், தையல் போட்டுக்கொண்டு முகமூடி அணிந்து திரும்பினார். முகமூடி அணிவது கோழைத்தனம், பார்வையை மறைக்கும் என்று அதுவரை கருதினர். அவர் அணிந்தும் சிறந்தே ஆடினார். அவருக்குப் பின் அதுவே வழக்கமாயிற்று. பிறரைக் காப்பவர் தம்மையும் காத்துக்கொள்வது இழிவன்று என்னும் பாடத்தை அவர் தம் தொழிலுக்குத் தந்தார். பின்வருவோர் எளிதாக நடக்கும்படி வழி திறப்பதும் பெரியோர் இலக்கணமே.

இவற்றோடு இன்னொன்றும் வேண்டும். அது கோல் விட்ட பின் இருக்கும் இருப்பு. மற்ற ஆட்டக்காரர் தவறினால் ஓடிச் சென்று கூட்டத்தில் கலந்துவிடலாம். காவலரோ வலைக்குள் குனிந்து, தம் தோல்வியைத் தம் கையாலேயே எடுத்து நடுத்திடலுக்கு அனுப்ப வேண்டும். எடுத்த மறு நொடியே அதனை மறக்கவும் வேண்டும். மறவாதவர் அடுத்த பந்தையும் விடுவார். ஆனால் முற்றிலும் மறந்தால் திருந்த மாட்டார். ஆட்டம் முடியும் வரை மறந்து, முடிந்த பின் நினைந்து திருந்தும் இவ்விருவகை ஆற்றலைப் பயிற்சி ஓரளவே தரும். எஞ்சியதை மனப்பண்பே தர வேண்டும். 1998இல் நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் கனடாவின் ஐந்து அடிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுத்த செக் நாட்டு டொமினிக் ஹாஷெக்கின் அருமையும் இங்கேதான் உள்ளது. ஐந்தாவதைத் தடுக்கும்போது முந்தைய நான்கின் மகிழ்ச்சி அவர் நெஞ்சில் இடம்பெறவில்லை. தோல்வியை மறப்பது போலவே வெற்றியையும் மறக்க வேண்டும் என்பது காவலின் கடுமையான விதி.

தமிழ் மரபு இந்தப் பெருமையை அறியாதிருந்ததா? இல்லை. புறத்திணை கற்போர் இதனை நன்கு அறிவர். ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலை, மதிலை வளைத்துத் தாக்குவோர்க்கு உழிஞைப் பூவைச் சூட்டியது. அம்மதிலை உள்ளிருந்து காப்போர்க்கு நொச்சிப் பூவைச் சூட்டித் தனித்திணை வகுத்தது. ஆநிரை கவர்வோர்க்கு வெட்சி எனின், அதனை மீட்போர்க்குக் கரந்தை. தாக்கியவர்க்கு ஒரு பூ, காத்தவர்க்கு ஒரு பூ. காத்தவரை வென்றவருக்குப் பின்னிணைப்பாக வைக்காமல் நிகராக நிறுத்திய நெறி இது. இந்நெறி இலக்கண வகுப்போடு நின்றுவிட்டால் கற்றதன் பயன் என்ன?

ஆறுமுகத்தின் வாழ்வு இவ்வாராய்ச்சிக்கு இறுதிச் சோதனையாக அமைகிறது. தென்கொரியாவை வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணி மாஸ்கோவுக்குச் செல்லவில்லை. சோவியத் படை ஆப்கானிஸ்தானில் புகுந்ததைக் கண்டித்து மலேசியா அப்போட்டியைப் புறக்கணித்தது; அவ்விடத்தில் ஈராக் ஆடியது. நாடு எடுத்த முடிவின் நியாயம் வேறு. அதனை இங்கு ஆராய வேண்டுவதில்லை. வாயிலைக் காத்தவர் தாம் காத்த வாயில் வழியே நுழைய முடியாமற்போயிற்று என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. விளைவைக் கொண்டு அளப்போர் கணக்கில் அந்த ஏப்ரல் இரவு வீண். ஆயினும் மக்கள் அதனை வீண் எனக் கருதவில்லை. முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின், 2016இல், அவ்வெற்றியைத் தழுவி 'ஓலா போலா' என்னும் திரைப்படம் வந்தபோது மூவினத்தாரும் திரண்டு கண்டனர். செல்லாத ஒலிம்பிக்கை அவர்கள் நினைவுகூரவில்லை. மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் கடசானும் ஒருவர் பின்னால் ஒருவர் நின்று, பின்னால் நிற்பவரை நம்பிய அந்த ஒரு மாலையையே நினைவுகூர்ந்தனர். எனவே, காவலரின் பெருமை அவர் தடுத்ததில் தொடங்கினும், பிறர் அவர்மேல் வைத்த நம்பிக்கையைப் பொய்யாக்காமையில்தான் நிறைவு பெறுகிறது எனத் துணியலாம். அந்நம்பிக்கை புகழ்ச்சியால் வருவதன்று. பலநாள் சோதிக்கப்பட்டு வருவது. பரிசு கிட்டாமையால் அது குறைவதுமில்லை. ஒருநாள் கோல் விட்டதால் அழிவதுமில்லை.

இம்முடிவு ஆசிரியர் சமூகத்துக்கு அயலானதன்று. தமிழ்ப்பள்ளிகளின் சிறப்பை ஆறாம் ஆண்டுத் தேர்வில் ஏழு 'ஏ' பெற்றோர் எத்தனை பேர் என்று எண்ணி அளந்த காலம் ஒன்று இருந்தது. 2021இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. எண்ணும் பழக்கம் நீங்கியதா என்பது ஐயமே. 'ஏ' பெற்றவர் பெயர் நாளிதழில் வரும். அது கோல் அடித்தவர் பட்டியல். தோட்டம் துண்டாடப்பட்டுக் குடும்பம் இடம்பெயர்ந்தபோது பள்ளியை விட்டு நின்றுவிட இருந்த மாணவனை வீடு தேடிச் சென்று மீட்டவர் உண்டு. தீயோர் கூட்டத்தில் சேர இருந்தவனைத் திடலுக்கு அழைத்துப் பந்தைக் கையில் கொடுத்தவர் உண்டு. தாய் பிரட்டுக்குப் போன பின் பசியோடு வந்த பிள்ளைக்குத் தம் உணவில் பாதியைத் தந்து வகுப்பில் இருத்தியவர் உண்டு. அவர்கள் தடுத்தவை நடவாமற்போயின. நடவாதவற்றுக்குப் பட்டியல் இல்லை. அம்மாணவர் இன்று எங்கோ நேர்மையாக உழைத்து வாழ்வர். தாம் வீழாதது எவரால் என்பதை அவருட் பலர் அறியார்.

பள்ளி ஆண்டு விழாவில் கோல் அடித்தவர்க்குக் கிண்ணம் வழங்கட்டும், அது முறையே. கோலில் நின்றவனையும் மேடைக்கு அழைத்து, 'நீ எத்தனை விட்டாய்' என்று கேளாமல், 'உனக்கு முன்னால் நின்றவர் ஏன் அஞ்சாமல் ஆடினர்' என்று அவையோரைக் கேட்கட்டும். விடை கூற அவையோர் சற்றே சிந்திக்க வேண்டியிருக்கும். சிந்திக்கத் தொடங்கினால், தங்கள் வாழ்விலும் பின்னால் நின்று காத்தவர் சிலர் உண்டு என்பது அவர்களுக்கு நினைவு வரும்.